ஒரு நாளைக்கு ஒரு சாண்

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. இதைப் பூசி மெழுகிச் சொல்ல ஒன்றுமில்லை. ஓரகத்தி மேல் பொறாமை, அதுவும் லேசுப்பட்ட பொறாமை இல்லை.

இரண்டு குன்றுகளுக்கு நடுவே ஓடையை மறித்துக் கட்டிய சின்ன மண் அணை அது. இந்த முனையில் நின்று கூப்பிட்டால் அந்த முனையில் இருப்பவர் "என்ன?" என்பார், அவ்வளவுதான் நீளம். வயலுக்காகவும் இல்லை, மின்சாரத்துக்காகவும் இல்லை. மீனும் பறவையும் பிழைக்கட்டும் என்று தேக்கி வைத்த தண்ணீர். அந்த மதகைப் பதினெட்டு வருஷமாகப் பார்த்துக்கொள்பவள் பெரியவள். எலி வளை தோண்டினால் மண் போட்டு இடித்து அடைப்பாள். கரையில் ஒரு செடி முளைத்தால் வேர் இறங்குமுன் பிடுங்குவாள். அடிக்கரையில் கசிகிற நீரைத் தினம் காலையில் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். தெளிவாக இருந்தால் நிம்மதி. கலங்கியிருந்தால் கரைக்குள் மண் கரைகிறது என்று அர்த்தம். பதினெட்டு வருஷத்தில் அது ஒருநாளும் கலங்கியதில்லை. அதற்காக யாராவது ஒரு வார்த்தை பாராட்டியிருக்க வேண்டுமே! ஊஹூம்.

பிறகு கொழுந்தன் கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தான். சின்னவள் மீன், பறவைகளைப் பற்றிப் படித்தவள். வந்த ஆறாம் மாதமே அதே அணையில் கணக்கெடுப்பு வேலை கிடைத்தது. அணைக் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடு, நடுவில் ஒரே சுவர். அவள் தொலைநோக்கியை முக்காலியில் நிறுத்தினாள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் வண்டி வண்டியாக வந்தார்கள், பத்திரிகையில் படம் போட்டார்கள். படத்தில் அவள், அவள் பின்னால் நாரை, நாரைக்குப் பின்னால் கரை. கரையில் புல் செதுக்கிக்கொண்டிருந்த பெரியவளை வெட்டிவிட்டார்கள்.

"நம்ம சின்னவ பரவாயில்லையே, பேப்பர்லல்லாம் வர்றா!" என்றார் பெரியவளின் வீட்டுக்காரர், வாயில் சோற்றோடு.

"ஆமா, அந்த மீன் எதுல நிக்குது? தண்ணியில. தண்ணி எதால நிக்குது? கரையால. கரை எதால நிக்குது? என் முதுகால!" என்று கரண்டியைப் பாத்திரத்தில் போட்டாள். மனுஷர் தட்டோடு திண்ணைக்குப் போய்விட்டார்.

இதுவரைக்கும் வெறும் எரிச்சல்தான். அடுத்து மேலிடத்திலிருந்து வந்த கடிதம் வினையாகிவிட்டது. அணைக்கு இனி இரண்டு பேர் தனித்தனியாக வேண்டாம், ஒரே பொறுப்பாளர் போதும், மற்றவர் அவருக்குக் கீழே. வியாழக்கிழமை அதிகாரி வந்து பார்த்து முடிவு செய்வார். அவ்வளவுதான் கடிதம். நேற்று வந்தவளிடம் போய், "நாளைக்கு லீவு வேணும்மா" என்று கைகட்டி நிற்பதா? பெரியவளுக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை விடிந்ததும் சின்னவள் அதிகாரிக்குக் காட்டவேண்டிய படங்களை அச்செடுக்க டவுனுக்குப் போனாள். திரும்ப இருட்டிவிடும் என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். பெரியவள் மதகு மேடைக்கு ஏறினாள், சக்கரத்தைப் பிடித்தாள், திறந்தாள். ஒரு சுற்று இல்லை, இரண்டு சுற்று இல்லை, ஒன்பது சுற்று!

தண்ணீர் வடிந்தால் ஓரத்துப் பாசியில் ஒட்டியிருக்கும் மீன்முட்டை வெயிலில் காயும். பறவை எழுந்து போய்விடும். வெறும் சேற்றைக் காட்டி அவள் என்ன கிழிக்கிறாள் பார்க்கலாம். கேட்டால், சக்கரம் வழுக்கிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஒரு நாளைக்கு ஒரு சாண். அதற்கு மேல் மண் அணையில் தண்ணீரை இறக்கக் கூடாது. ஈரத்தைக் குடித்துக் கனத்துக் கிடக்கிற கரையை உள்பக்கம் இருக்கிற தண்ணீர்தான் தாங்கிப் பிடிக்கிறது. தண்ணீர் சட்டென்று போனால் தாங்க ஆளில்லாமல் கரை உள்பக்கமே சரியும். இது அந்த அணையில் வேறு யாருக்கும் தெரியாது, பெரியவளுக்குத் தெரியும். தெரிந்தும் திறந்தாள். பொறாமை கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன சொல்ல.

வியாழன் காலை அளவுகோலில் ஐந்து சாண் இறங்கியிருந்தது. பெரியவள் மதகை மூடிவிட்டுத் திரும்பினால், சின்னவள் முழங்கால் வரை சேற்றில் நிற்கிறாள். முட்டை ஒட்டிய பாசியை வாளி வாளியாக அள்ளி ஆழத் தண்ணீருக்குக் கொண்டு போய்க்கொண்டிருந்தாள். ஏன், என்ன என்று ஒரு கேள்வி கேட்கவில்லை. சண்டைக்கு வந்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது பெரியவளுக்கு.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். பறவை போய்விடும் என்று கணக்குப் போட்டாளே, போகவில்லை. தண்ணீர் சுருங்கியதால் மீனெல்லாம் ஒரே குட்டையில் நெருக்கியடித்தது. நாரையும் கொக்கும் எங்கெங்கிருந்தோ வந்து இறங்கியதில் சேறே தெரியவில்லை. ஒன்பது மணிக்கு ஜீப்பிலிருந்து இறங்கிக் கரைமேல் ஏறிய அதிகாரி வாயைப் பிளந்துவிட்டார்.

"அடேயப்பா! தண்ணிய இறக்கினது யாரோட யோசனை?"

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். "அக்காதான் சார்."

அதிகாரி ஓடிவந்து பெரியவளின் கையைப் பிடித்துக் குலுக்கினார். கூட வந்தவர் படம் எடுத்தார். பதினெட்டு வருஷத்தில் முதல் படம்! பெரியவளுக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. எங்கே பார்ப்பதென்று தெரியாமல் குனிந்தாள்.

குனிந்த கண்ணில் விரிசல் பட்டது. கரையின் மேலே, உள்பக்க ஓரத்தில், கோடு கிழித்த மாதிரி நீளமாக. மதகை மூடியபோது இல்லாத விரிசல். அந்தக் கோட்டுக்கு அந்தப் புறம் தொலைநோக்கியோடு நின்றது சின்னவள் ஒருத்திதான்.

பெரியவள் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. வரவில்லையா, வரவிடவில்லையா? ஒரு மூச்சு, ஒரே ஒரு மூச்சு நேரம், அவள் சும்மா நின்றாள்.

பிறகு, "இந்தப் பக்கம் வாடீ!" என்று குன்று அதிரக் கத்தி, எட்டி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். கரையில் ஒரு துண்டு தொலைநோக்கியோடு கழன்று சேற்றுக்குள் போயிற்று. பறவைகள் மொத்தமாக எழுந்தன.

அப்புறம் கேட்கவா வேண்டும்? அதிகாரி பெரியவளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டார். கரை ஏன் சரிந்தது என்று மட்டும் சாயங்காலத்துக்குள் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், பொறுப்பாளர் யாரென்று எனக்குச் சந்தேகமே இல்லை என்று சொல்லிவிட்டு விருந்தினர் விடுதிக்குப் போனார்.

நாலு மணிக்குச் சின்னவள் காகிதத்தோடு வந்து பெரியவளின் சமையலறையில் உட்கார்ந்தாள். முழங்கை சிராய்த்திருந்தது. காகிதத்தில், அக்கா கொஞ்சம்தான் திறந்தார், அதற்கு மேல் மதகுச் சக்கரம் தானாக வழுக்கியது, அக்கா உயிரைப் பணயம் வைத்துக் காப்பாற்றினார், பொறுப்பு அவருக்கே தகும் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது.

பெரியவள் இரண்டு தடவை படித்தாள்.

"விரிசலை நான் முன்னாலேயே பார்த்துட்டேன்டி. பார்த்துட்டும் ஒரு மூச்சு சும்மா நின்னேன்."

"தெரியும்க்கா. உங்க முகத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன்."

"தெரிஞ்சுமா இதை எழுதினே?"

சின்னவள் சிராய்ப்பை ஊதிக்கொண்டாள். "வீட்ல என்ன விசேஷம்னாலும் ‘பெரியவளைக் கேளு’. உங்க கொழுந்தன் வாயைத் திறந்தா ‘அண்ணி மாதிரி வருமா’. நான் கல்யாணமாகி வந்ததிலிருந்து இதைத்தானே கேக்கறேன். உங்களுக்கு மட்டும்தான் வயிறு எரியும்னு நினைச்சீங்களா? உங்க இடத்துல நான் நின்னிருந்தா ரெண்டு மூச்சு ஆகியிருக்கும்க்கா."

பெரியவள் அவளையே பார்த்தாள். திட்டுவதா, கட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை. கடைசியில் பேனாவை எடுத்து, சக்கரம் தானாக வழுக்கியது என்ற வரியை அடித்தாள். அதன் மேல், ‘ஒன்பது சுற்றுத் திறந்தது நான்தான், தெரிந்தே திறந்தேன்’ என்று தன் கோணல் எழுத்தில் எழுதிக் கையெழுத்தும் போட்டாள்.

"அக்கா, இதைக் கொடுத்தா பொறுப்பு என்கிட்ட வந்துடும்."

"வரட்டும்."

"என்கிட்ட வந்து லீவு கேக்கணும்."

"கேக்கறேன்."

"வயிறு எரியாது?"

"எரியும். நல்லா எரியும். எரிஞ்சுட்டுப் போகட்டும், நீ கிளம்பு, அதிகாரி போயிடப் போறார்" என்றாள் பெரியவள்.