வாசலில் ஏழு சொட்டு

கார் கிளம்பிப் போன பிறகுதான் ஒர்க்‌ஷாப் வாசலில் அந்தச் சொட்டுகளைப் பார்த்தாள் மெக்கானிக் அக்கா. ஏழு சொட்டு. கார் முழுசாக வலப்பக்கம் ஒடித்துத் திரும்பிய இடத்தில், உடைந்த வளையல் துண்டு மாதிரி வளைந்து கிடந்தன.

தண்ணீராக இருக்கட்டும், தண்ணீராக இருக்கட்டும் என்று மனசு அடித்துக்கொள்ள, குனிந்து தொட்டாள். வழுக்கியது. முகர்ந்தாள். பிரேக் ஆயில்.

காரில் போவது யார் என்கிறீர்கள்? அவள் தம்பி, தம்பி பெண்டாட்டி, பின்சீட்டில் அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். அப்பா வாங்கிய கார் அது. மேடு கண்டால் முக்கி முனகும். தம்பி கெஞ்சினானே என்று, ஒரு வேனிலிருந்து கழற்றிய பெரிய என்ஜினை மூன்று வாரம் மல்லுக்கட்டி அதற்குள் உட்கார வைத்தாள். அன்றைக்கே தம்பி பெண்டாட்டி சொன்னாள்: “குருவி தலையில பனங்காயை வெக்கிறீங்க அண்ணி. தாங்குமா?”

“ஸ்பேனருக்கும் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாதவங்க எனக்குப் பாடம் எடுக்க வேணாம்” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டாள் அக்கா. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

இப்போது புரிந்தது. என்ஜின் கனத்தில் காரின் மூக்கு தாழ்ந்திருக்கிறது. அவள் தனியாக ஓட்டிப் பார்த்தபோது தெரியவில்லை. நாலு பேரும் பெட்டிகளும் ஏறியதும் இன்னும் இறங்கி, திருப்பத்தில் டயர் பிரேக்கின் ரப்பர் குழாயை உரசிக் கிழித்துவிட்டது. பழைய வண்டி, ஒரு குழாய் போனால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் இல்லை. இரண்டு மூன்று நிமிடத்தில் மலை இறக்கம் வந்துவிடும்.

ஸ்கூட்டரில் துரத்தலாமா? எட்டிப் பிடிக்க முடியாத வேகத்தைக் கொடுத்ததே அவள்தானே! ஓட்டும்போது தம்பி போனை எடுக்க மாட்டான். அப்படிப் பழக்கியவளும் அவள்தான். மிச்சம் இருந்தது ஒரே ஒரு நம்பர்.

அடித்து ஓய்ந்தது. மறுபடியும் ஓய்ந்தது. மூன்றாவது முறை, “என்ன?” என்றது ஒரு வறண்ட குரல்.

“நீ சொன்னதுதான் சரிம்மா. தப்பு என்னோடது. பிரேக் போகப்போகுது. ஸ்பீக்கர்ல போடு.”

“அக்கா தப்புன்னு ஒத்துக்கிட்டாளா? இன்னிக்கு மழைதான்...” தம்பியின் கேலி பாதியில் அறுந்தது. “அக்கா! பெடல் அப்படியே தரைக்குப் போகுதுக்கா. இறக்கத்துல இருக்கோம்.”

“ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடு. என்ஜினை மட்டும் அணைச்சிடாதே. கியரை ஒவ்வொண்ணா இறக்கு. மூணு.”

போனைக் காதோடு அழுத்திக் கண்ணை மூடினாள். தன் கையால் வைத்த என்ஜின். அதன் மூச்சு அவளுக்குத் தெரியும். உறுமல் ஏறியது. மூன்றாவது விழுந்துவிட்டது. “பொறு... இப்ப ரெண்டு.” என்ஜின் அலறியது. கூடவே ஒரு பிள்ளையும் அலறியது. “ஒண்ணு!” காரை முன்னால் தள்ளிய அதே பலம் இப்போது பின்னால் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்குமா?

“ஹேண்ட் பிரேக்கை மெதுவா தூக்குடா. அது தனிக் கம்பி, பிடிக்கும். வெடுக்குன்னு இழுத்தியோ, வண்டி சுத்திடும்.”

சரளைக்கல் நொறுங்கும் சத்தம். எதிலோ முட்டும் சத்தம். பிறகு ஒன்றுமே இல்லை. என்ஜின் சத்தம்கூட இல்லை.

“டேய்... டேய் தம்பி!”

“அண்ணி.” தம்பி பெண்டாட்டியின் குரல். “மண்மேட்டுல முட்டி நின்னுடுச்சு. எல்லாரும் இருக்கோம்.”

“பசங்க?”

“சின்னது என் கழுத்தை விட மாட்டேங்குது. பெரியவ, அத்தையைத் திட்டலாமான்னு கேக்குறா.”

“திட்டச் சொல்லு. நான் வர்றேன்.”

“மெதுவா வாங்க அண்ணி.”

போனை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரிடம் போனாள். நேற்று தானே பார்த்துச் சரிசெய்த வண்டிதான். ஆனாலும் அதன் பிரேக்கை ஒரு தரம் அல்ல, பத்துத் தரம் பிடித்துப் பார்த்தாள். பிறகும் நம்பாமல், அந்த ஏழு சொட்டையும் தாண்டும்வரை தள்ளிக்கொண்டே போனாள்.