தபால்காரர் பல்லேவுக்கு அரைக்கம்பம்

எங்கள் குடியிருப்பில் கொடியேற்றுவது என் பொறுப்பு. சாவு என்றால் அரைக்கம்பம். அடக்கம் முடிந்ததும் உச்சிவரை ஏற்றிவிட்டுத்தான் இறக்க வேண்டும். அந்த மரியாதை இங்கே குடியிருந்தவர்களுக்கு மட்டும் என்பது விதி. பதினோரு வருடமாக நான் அதை மீறியதில்லை.

வெள்ளிக்கிழமை காலை மீறினேன். ஒஸ்லோவில் அன்று தபால்காரர் பல்லேவுக்கு அடக்கம். மதியம் ஒரு மணிக்கு முடியும் என்று செய்தியில் சொன்னார்கள். குழந்தைகள் நிகழ்ச்சியில் மீன்களுக்குக் கடிதம் கொண்டுபோவாரே, அந்தத் தொலைக்காட்சிப் பல்லேதான். என் சின்ன வயதில் அப்பா பாதி வருடம் கப்பலில் இருப்பார். எங்கள் வீட்டுக்குச் சாயங்காலம் ஆறு மணிக்குத் தவறாமல் வந்த ஒரே ஆண்பிள்ளை பல்லே. கிளம்பும்போது தொப்பியைத் தூக்கி, "கதவத் தெறந்ததுக்கு நன்றி" என்பார். நானும் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டுவேன்.

அரைக்கம்பத்தைப் பார்த்தால் எங்கள் ஆட்கள் யார் போனது என்று கேட்க மாட்டார்கள். கேட்பது அநாகரிகமாம். தாங்களே ஊகித்துக்கொள்வார்கள். கட்டடத்திலேயே மூத்தவர் மூன்றாம் மாடி இங்கோல்ஃப், வயது தொண்ணூற்று மூன்று. பத்து மணிக்குள் அவர் வாசலில் நாலு பூங்கொத்தும் ஒரு ஆப்பிள் கேக்கும் சேர்ந்துவிட்டன. ஐந்தாவது கொத்தை எங்கள் சங்கத் தலைவர் ஹால்வார்ட் குனிந்து வைக்கும்போது, உள்ளிருந்து இங்கோல்ஃபே கதவைத் திறந்தார். ஹால்வார்டுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

மீதி உயிரோடு நேரே கம்பத்தடிக்கு வந்தார்.

"யாரு செத்தாங்க, சோல்வி?"

"பல்லே."

"டிவி பல்லேவா? அவரு எந்த வீட்ல குடியிருந்தாரு?"

"எங்க வீட்ல. தெனமும் ஆறு மணிக்கு."

"வெளையாடாத. நம்ம ஆளு யாரும் சாகல. கொடிய எறக்கு."

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு நடிகருக்காகக் கண் கலங்கி நிற்பது எனக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கயிற்றை விடவில்லை. ஒரு மணிவரை அந்தக் கொடி அங்கே நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அப்போது இங்கோல்ஃப் இறங்கி வந்தார். கையில் பூக்கள், தாடியில் கேக் துணுக்கு.

"ஏம்ப்பா ஹால்வார்ட், அவள ஏன் வெரட்டுற? செத்தது நம்ம கட்டடத்து ஆளா இருக்கணும், அதானே? ஒரு மணி வரைக்கும் நான் செத்தவனாவே இருந்துட்டுப் போறேன்."

"விதின்னு ஒண்ணு இருக்குல்ல, இங்கோல்ஃப்..."

"செத்தவன்கிட்ட விதி பேசாத. பூ வந்தாச்சு, கேக்கும் தின்னாச்சு. இனி திருப்பித் தர முடியாது."

ஹால்வார்ட் சிரித்துவிட்டார். கொடி நின்றது. இங்கோல்ஃப் தன் பூக்களையெல்லாம் கம்பத்தடியில் வைத்தார்.

ஒரு மணிக்கு ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நான் கொடியை உச்சிக்கு ஏற்றினேன்.

"அப்பாடா, உசுரு வந்துருச்சு," என்றார் இங்கோல்ஃப். "யாராவது காப்பி போடுங்கப்பா."

எல்லோரும் சிரித்தபடி நகர்ந்தார்கள். ஹால்வார்ட் மட்டும் நகரவில்லை. அவருக்கும் என் வயதுதான். கம்பளித் தொப்பியை மெல்லத் தூக்கி, கொடியை அண்ணாந்து பார்த்தார்.

"கதவத் தெறந்ததுக்கு நன்றி," என்றார், பல்லேவின் அதே இழுவையில்.

நான் தலையாட்டினேன். பிறகு நன்றாக அழுதேன். மனசு நிறைந்திருந்தது.