ழகரத்தின் வால்

"இந்த எழுத்து வேண்டாங்க, பார்த்தா அழுகையே வராது" என்றார் அச்சுக்கடைக்காரர். "மருந்து அட்டை மாதிரி இருக்கும். சுருள் வச்சதா ஒண்ணு போடட்டுமா?"

தம்பிக்கு இருப்புக் கொள்ளவில்லை. விடிந்ததும் அக்கா போய்விட்டாள். பொழுது சாய்வதற்குள் உடலை எடுத்தாக வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வழி கேட்டுத் திண்டாடாமலிருக்க, தெரு முனையில் அவள் படமும் பெயரும் அம்புக்குறியும் போட்ட பலகை வைக்க வேண்டும்.

"இதையே போடுங்க."

"இதுல என்னங்க இருக்கு? கோடு, வட்டம். எல்லாம் ஒரே தடிமன். யாரும் உட்கார்ந்து செஞ்ச மாதிரியே இல்ல. கம்ப்யூட்டரோடயே வர்றது."

"எங்க அக்கா செஞ்சது."

கடைக்காரர் திரையிலிருந்த அவள் படத்தை ஒருமுறை பார்த்தார். பிறகு தட்டச்சு செய்தார்.

பேருந்து முகப்பு, லிஃப்ட், மருந்து அட்டை என்று ஊரெல்லாம் புழங்கும், அவள் வடிவமைத்த எழுத்து. காம்பஸில் போட்ட வட்டம் கண்ணுக்குச் சப்பையாகத் தெரியும் என்று ஒவ்வொரு வளைவையும் மயிரிழை கூட்டியும் குறைத்தும் வருடக்கணக்கில் மல்லுக்கட்டியிருந்தாள். திரையில் அவள் பெயர் வந்தது. நடுவிலிருந்த 'ழ' தம்பியின் கண்ணில் உறுத்தியது. போன வாரம் ஆஸ்பத்திரியில் மூச்சு வாங்க அவள் சொன்னது இதைத்தான்.

"அதோட வால் சரியா வரலடா. ஊருக்குள்ள விட்டுட்டேன். இப்ப பிடிச்சு இழுக்கவா முடியும்?"

சொல்லிவிட்டு லேப்டாப்பைக் கேட்டு வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றான் தம்பி, கடைக்காரரிடம். " வீடு வரைக்கும் போயிட்டு ஓடி வந்துடறேன்."

கூடத்தில் ஆட்கள். யார் முகத்தையும் பார்க்காமல் அவள் அறைக்குள் புகுந்து லேப்டாப்பைத் திறந்தான். வரிசையாக 'ழ'க்கள். ஒவ்வொன்றுக்கும் வால் வேறு மாதிரி. எது முடிந்தது, எது பாதியில் நின்றது என்று எங்கும் குறிப்பில்லை. பெரிதாக்கினான், சிறிதாக்கினான். வெளியே யாரோ "வண்டி வந்தாச்சா?" என்றார்கள்.

அம்மா வந்து நின்றாள். "என்னடா தேடுற? எல்லாரும் உன்னைக் கேக்குறாங்க."

"இதுல எதும்மா?"

எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். "இது நொண்டுது. இது என்னத்துக்கோ விறைச்சுக்கிட்டு நிக்குது." விரல் நகர்ந்துபோய் ஒன்றில் நின்றது. "இதுதான். இது பாட்டுக்குச் சும்மா இருக்கு."

விரலை எடுக்கவில்லை. அவசரத்திலும் தம்பி காத்திருந்தான்.

அந்த 'ழ'வைப் போட்டு அச்சடித்து வாங்கிய பலகையைத் தெரு முனைக் கம்பத்தில் அவனே கட்டினான். கோணலாக இருக்கிறதோ என்று எட்டி நின்று பார்த்தான், அவிழ்த்து மறுபடி கட்டினான். ஸ்கூட்டரில் யாரோ வந்தார். வண்டியை நிறுத்தவில்லை, தலையை மட்டும் ஒருமுறை நிமிர்த்தினார். பலகை காட்டிய பக்கம் திரும்பினார். திரும்பிய பிறகும், அணைக்க மறந்த இண்டிகேட்டர் விளக்கு வீடு வரைக்கும் மினுக்கிக்கொண்டே போனது.