மாப்புக் கட்டையோடு படித்த இங்கிலீஷ்

விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரியின் ஐ.சி.யு.வில் ஒன்பது வருஷமாகத் தரை துடைக்கிறேன். எட்டாவதோடு நின்ற படிப்பு. ஆனாலும் காந்திமதிக்கு இங்கிலீஷ் தெரியாது என்று எவரும் சொல்லிவிட முடியாது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. மாப்புக் கட்டையைப் பிடித்தபடி காதைத் தீட்டி வைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

முதலில் வந்த சொல் ‘சக்ஷன்’. வழியை மறித்து நின்றேன் என்று நர்ஸ் செண்பகம் சிஸ்டர் கத்தினார். “காந்திமதி, நவுரு, சக்ஷன் போடணும்.” நோயாளியின் தொண்டைச் சளியைக் குழாய் உறிஞ்சுவதைப் பார்த்தேன். சொல் அன்றைக்கே மனசில் ஒட்டிக்கொண்டது. கொரோனா வந்தபோது ‘சாச்சுரேஷன்’ வந்தது. விரலில் மாட்டும் கிளிப்பில் நம்பர் தொண்ணூறுக்கு மேல் இருந்தால் ஆள் பேசுவார். எழுபதுக்கு இறங்கினால் பேச மாட்டார். இதற்கு எந்த வாத்தியார் வேண்டும்?

‘ப்ராக்னோசிஸ்’ மட்டும் லேசில் பிடிபடவில்லை. ஏழாம் கட்டிலில் கெடாரிலிருந்து வந்த ஒரு விவசாயி கிடந்தார். பெரிய டாக்டர் அவர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, சின்ன டாக்டரிடம் “ப்ராக்னோசிஸ் புவர்” என்றார். பிறகு அந்த ஆளின் மனைவி பக்கம் திரும்பி, “பார்க்கலாம்மா” என்றார். சாயந்திரம் அந்தக் கட்டிலின் ரெக்சின் மெத்தையைப் பினாயில் போட்டுக் கழுவினேன். அடுத்த வாரம் மூன்றாம் கட்டிலில் அதே சொல். மறுநாள் காலையில் மூன்றாம் கட்டிலைக் கழுவினேன். இப்படி ஐந்து மெத்தை கழுவிய பிறகு எனக்கு அர்த்தம் தெரிந்துவிட்டது.

சாவை இங்கிலீஷிலும் ஆறுதலைத் தமிழிலும் பேசுகிறார்கள். இது எனக்கு ஆகவே ஆகாது. பெருமுக்கல் கிராமத்திலிருந்து புருஷனைக் கொண்டுவந்து சேர்த்த கெங்கம்மாள் இதில்தான் ஏமாந்தாள். ‘பார்க்கலாம்மா’வை நம்பி, மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வருகிறேன் என்று ஊருக்குப் போனாள். திரும்பி வருவதற்குள் புருஷனை வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தோம். “சொல்லியிருந்தா கையைப் புடிச்சிக்கினு உக்காந்திருப்பனே” என்று வராண்டாவில் புரண்டாள்.

அன்றிலிருந்து நான் சொல்ல ஆரம்பித்தேன். அந்தச் சொல் காதில் விழுந்தால் வெளியே போய், உறவுக்காரர்களைத் தனியாகக் கூப்பிட்டு, “எங்கியும் போவாதீங்க. இன்னிக்கு தாண்டாது” என்பேன். செண்பகம் சிஸ்டருக்கு இது பிடிக்காது.

“உனக்கு எதுக்கு இந்த வேலை? ஒருநாள் மாட்டிக்கப் போற.”

“சொல்ல வாய் இல்லாதவங்க மூடிக்கினு இருங்க சிஸ்டர்” என்றேன். நாலு நாள் என்னோடு பேசவில்லை.

திண்டிவனத்தில் மகன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மருமகள் கலையரசியிடம் இதையெல்லாம் பெருமையாகச் சொல்வேன். அவளுக்கு டாக்டரைவிட என்மேல்தான் நம்பிக்கை.

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. என் மகன் தேவா, தர்பூசணி லோடு ஏற்றக் காலையில் பைக்கில் போனவன், பைபாஸில் லாரியில் அடிபட்டு என் ஐ.சி.யு.வுக்கே வந்து சேர்ந்தான். நாலாம் கட்டில். முந்தின நாள் நான் துடைத்த தரை.

சேதி கேட்டு ஓடிப்போய், வேலைக்குப் போடும் நீலக் கோட்டு இல்லாமல் நின்றதால் பெரிய டாக்டருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. தேவாவின் இமையைத் தூக்கி டார்ச் அடித்தார். அந்தச் சொல்லை மட்டும் சொல்லிடாதீங்க சார் என்று மனசுக்குள் கெஞ்சினேன். சின்ன டாக்டரிடம் அதைத்தான் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பி, “பார்க்கலாம்மா” என்றார். செண்பகம் சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது என்று அங்கே அவருக்கு மட்டும்தான் தெரியும்.

வெளியே கலையரசி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். “அத்தே, இன்னா சொன்னாரு?”

இத்தனை பேருக்குச் சொன்ன வாய். இருபத்து மூன்று வயசுப் பெண் அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பார்க்கலாம்னாரு” என்றேன்.

அவள் முகத்தில் உயிர் வந்தது. “அப்ப நான் ஜல்தியா திண்டிவனம் வூட்டுக்குப் போயி காப்பீட்டு கார்டை எடுத்துக்கினு வந்துடறேன் அத்தே. ஆபரேஷனுக்கு கேப்பாங்க இல்ல? ரெண்டு ரெண்டரை அவர்ல வந்துடுவேன்.”

போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதற்குப் பதில் சொன்னால், சொன்ன மாத்திரத்தில் என் பிள்ளை செத்துவிடுவான் என்று பட்டது. பைத்தியக்கார நினைப்புதான். ஆனால் அப்படித்தான் பட்டது.

“போயிட்டு வாம்மா” என்றேன்.

பன்னிரண்டே காலுக்கு தேவா போய்விட்டான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு நான் மட்டும் இருந்தேன்.

எனக்குப் பதிலாக அன்று வேலைக்கு வந்தவள் நாலாம் கட்டில் மெத்தையைக் கழுவிக்கொண்டிருந்தபோது கலையரசி வந்தாள். கையில் பிளாஸ்டிக் கவருக்குள் கார்டு. துவைத்து வைத்திருந்த அவன் சட்டை ஒன்றையும் எடுத்து வந்திருந்தாள். கட்டிலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். அழவில்லை.

“உங்களுக்குத் தெரியும் இல்ல அத்தே?” என்றாள். “ஊருக்கெல்லாம் சொன்னீங்களே.”