கப்பலோடு நின்றவர்

பரங்கிப்பேட்டை ஷாகிர் கடலூர்த் துறைமுகத்துக்கு எதிரே, கரையில் நின்றால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில், ஒரு சரக்குக் கப்பலில் தனியாகக் குடியிருந்தார். அது ஓடாத கப்பல். முதலாளி வெளிநாட்டில் எங்கோ மறைந்துவிட, வழக்கு முடியும்வரை கப்பல் நகரக் கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாலுமிகள் ஒவ்வொருவராக ஊர் திரும்பினார்கள். ஆனால் நங்கூரத்தில் நிற்கும் கப்பலை ஆளில்லாமல் விடவும் கூடாது. யாராவது ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போடவேண்டும் என்றபோது எல்லாரும் ஷாகிரைத்தான் பார்த்தார்கள். "உனக்கென்ன, ஊர் பக்கத்திலேயே இருக்கிறது" என்றார்கள்.

ஷாகிருக்கும் அது சரியாகத்தான் பட்டது. வாழ்நாளில் பாதியை ஆப்பிரிக்கக் கரைகளிலும் வளைகுடாவிலும் கழித்தவருக்குக் கடலூர் என்றால் வீட்டு வாசல் மாதிரி. வாரம் ஒரு தடவை போய் வரலாம் என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டார். மாற்று ஆள் வரும்வரை கப்பலைவிட்டு இறங்கவே கூடாது என்பது பிறகுதான் தெரிந்தது. மாற்று ஆளை அனுப்ப யாரும் முன்வரவில்லை.

டீசல் தீர்ந்ததும் கப்பலில் விளக்கு அணைந்தது. அலை புரட்டும்போது அறைக் கதவுகள் தாமாக அடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றையும் கயிறு போட்டுக் கட்டினார். முதலில் தம் அறையில் படுத்தார். பிறகு சமையல்காரர் அறையில், அதன்பின் மற்ற மாலுமிகளின் அறைகளில் என்று மாறி மாறிப் படுத்தார். ஒவ்வொரு அறையிலும் அங்கே இருந்தவனின் எண்ணெய் வாசனை, சோப்பு வாசனை கொஞ்சம் மிச்சமிருந்தது. அதுவும் போனபின் எங்கே படுத்தாலும் ஒன்றுதான்.

தொழுகை நேரத்தில்தான் பெரிய சங்கடம். நங்கூரத்தில் நிற்கிற கப்பல் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் ஏற்றபடி சுற்றிக்கொண்டே இருக்கும். காலையில் மக்கா இருக்கும் கிப்லா திசை பார்த்து விரித்த பாயை மதியம் வேறு பக்கம் திருப்பவேண்டும். சில நாள் தொழுதுகொண்டிருக்கும்போதே கப்பல் மெல்லத் திரும்பிவிடும். சலாம் கொடுத்து நிமிர்ந்தால் எதிரே கரை இருக்காது, வெறுங்கடல்தான் இருக்கும்.

தேவனாம்பட்டினத்து மீனவர் சிலம்பரசன் மட்டும் தவறாமல் வந்தார். கடலுக்குப் போகிற வழியில் தண்ணீர்க் கேன், காய்கறி, சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் எல்லாவற்றையும் கயிற்றில் கட்டி மேலே அனுப்புவார். "வேற எதுனா வேணுமா பாய்?" என்று கீழிருந்து கத்துவார். ஷாகிருக்கு ஒன்றும் வேண்டியிருக்காது. ஆனாலும் எதையாவது கேட்டு, அவர் படகைக் கொஞ்சநேரம் நிறுத்திவைப்பார்.

சாயங்காலங்களில் மகள் சமீராவின் போன் வரும். அவள் சிதம்பரத்தில் வரலாறு படித்தாள். ஒருநாள் கல்லூரியில் சொந்த ஊரைப் பற்றி எழுதச் சொன்னார்கள் என்று குதித்துக்கொண்டு பேசினாள்.

"வாப்பா, நம்ம பரங்கிப்பேட்ட எவ்ளோ பெரிய துறைமுகம் தெரியுமா? போர்த்துகீசியர் வந்தாங்க, டச்சுக்காரங்க வந்தாங்க, அப்புறம் இங்கிலீஷ்காரங்க. இரும்பு ஆலைகூட இருந்துருக்கு."

"இப்ப எங்கம்மா கப்பலு? வெள்ளாத்து மொகத்துவாரம் மண்ணு தூந்து கெடக்கு."

"அதத்தான் கேக்கறன். ஏன் நின்னு போச்சுன்னு எழுதணும்."

"ஆத்துல மண்ணு ஏறுச்சு, கப்பலு பெருசாயிடுச்சு. பெரிய கப்பலு மெட்ராஸுக்குப் போயிடுச்சு. இங்க வரலன்னு ஆனதும் நம்மாளுங்க கப்பல் இருக்கற எடத்துக்குப் பொழைக்கப் போயிட்டாங்க. அவ்ளோதான்."

சமீரா அதை எழுதிக்கொண்டாள். பிறகு, "நீங்க மட்டும் போவவும் இல்ல, வரவும் இல்ல வாப்பா" என்றாள்.

அவளுக்கு மாப்பிள்ளை அமைந்தது அடுத்த மாசம். அதே ஊர் சுஹைப், சிங்கப்பூரில் வேலை. விடுமுறை முடிவதற்குள் நிக்காஹ் நடக்கவேண்டும். ஷாகிர் துறைமுக அலுவலகத்துக்குப் போன் செய்து கெஞ்சினார். அவர்கள் நீதிமன்றத்தைக் கேட்கச் சொன்னார்கள். வக்கீல் மனுப் போட்டார். விசாரணைத் தேதி நிக்காஹுக்குப் பிறகுதான் கிடைத்தது.

நிக்காஹ் அன்று காலை சிலம்பரசன் கப்பலின் கயிற்றேணிக்கு அடியில் படகைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

"எறங்குங்க பாய். நேரா பரங்கிப்பேட்ட கரையில வுட்டுடறன். முடிச்சதும் கூட்டியாந்துடறன். யாருக்குத் தெரியப் போவுது?"

ஷாகிர் வெள்ளைச் சட்டை போட்டுத் தயாராகத்தான் இருந்தார். ஏணியில் இரண்டு படி இறங்கியும்விட்டார். கப்பலுக்குப் பின்னால், வலை இழுத்துக்கொண்டு படகுகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. பார்த்துக்கொண்டே நின்றார்.

"காத்து ஏறுச்சுன்னா இது நவுரும் தம்பி. ரெண்டாவது நங்கூரம் போட மேல ஆள் வேணும். ஆள் இல்லாத நேரத்துல உங்க ஆளுங்க படகு மேல ஏறிடுச்சுன்னா?"

"இன்னிக்கு எங்க பாய் காத்து?"

"இல்லதான்" என்றார் ஷாகிர். மறுபடி மேலே ஏறினார்.

பள்ளிவாசலில் அவருக்குப் பதிலாகத் தம்பி அஸ்மத் உட்கார்ந்து பெண்ணை ஒப்புக்கொடுத்தார். ஷாகிர் மேல்தளத்தில் சிக்னல் கிடைக்கிற மூலையில் நின்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டிருந்தார். இமாமின் குரல் கேட்டது, கூட்டத்தின் இருமல் கேட்டது. மாப்பிள்ளை சம்மதம் சொல்கிற நேரத்தில் லைன் அறுந்தது. திரும்பக் கூப்பிட்டார். யாரும் எடுக்கவில்லை. எல்லாரும் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

பிற்பகலில் சிலம்பரசன் தூக்குச்சட்டியில் பிரியாணி கொண்டுவந்தார். மனைவி அர்ஃபா காரில் கொடுத்தனுப்பியது. ஷாகிர் அவரை மேலே கூப்பிட்டார். "தனியா சாப்புட்டா கல்யாணச் சோறு மாதிரி இருக்காது, நீயும் உக்காரு" என்றார். இருவரும் இரும்புத் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

சமீரா சிங்கப்பூர் போனாள். வழக்கு நகரவில்லை. மறு வருஷம் அவளுக்குப் பிரசவ நேரம் நெருங்கியது.

"கூட வந்து இருக்கச் சொல்றா மச்சான்" என்றாள் அர்ஃபா. "நீங்க வேணாம்னா போவல."

"நான் இங்க உக்காந்துகிட்டு வேணாம்னு சொல்லி என்ன ஆவப் போவுது? போயிட்டு வா."

"அதுக்குள்ள நீங்க வந்துட்டா?"

"வர மாட்டன்."

புறப்படுவதற்கு முன்னால் அர்ஃபா தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை, நல்ல கூட்டம். "தண்ணி ஓரமா நிக்கறன். பச்ச துப்பட்டா. ஆட்டறன், தெரியுதா?" என்று போனில் கேட்டாள். ஷாகிர் கப்பலின் பழைய தொலைநோக்கியைக் கண்ணில் வைத்துக் கரை நெடுகத் தேடினார். குழந்தைகள், பட்டங்கள், சுண்டல் வண்டி, எத்தனையோ பச்சைகள். எதுவும் அவளாகத் தெரியவில்லை.

"தெரியுது" என்றார்.

"எளச்சுப் போயிருக்கனா?"

"இல்ல. அப்படியேதான் இருக்க."

ஐப்பசி போய்க் கார்த்திகை பிறந்தது. புயல் வருகிறது என்று துறைமுகத்திலிருந்து சொன்னார்கள். இழுவைப் படகு அனுப்ப முடியாது, பத்திரமாக உள்ளேயே இருங்கள் என்றார்கள். விடிந்ததிலிருந்து வாடைக் காற்று சீறியது. முற்பகலில் கப்பலின் முன்பக்கத்திலிருந்து வெடி வெடித்தது போல ஒரு சத்தம். நங்கூரச் சங்கிலி அறுந்துவிட்டது. ஷாகிர் தவழ்ந்து போய், இரும்புச் சக்கரத்தைச் சுத்தியலால் அடித்துத் திருகி, இரண்டாவது நங்கூரத்தைக் கடலில் விட்டார். கொஞ்சநேரம் பிடித்தது. பிறகு அதையும் தரையோடு இழுத்துக்கொண்டு கப்பல் தெற்கே நகர ஆரம்பித்தது.

செய்ய வேறு ஒன்றும் இருக்கவில்லை. மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு, சுக்கான் அறையில் கம்பியைப் பிடித்தபடி கலிமா ஓதிக்கொண்டிருந்தார். படகுகள் எல்லாம் நேற்றே கரை ஏறிவிட்டன என்பது ஒன்றுதான் ஆறுதல். மழைக்குள் கரை வெளுப்பாகத் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. பகலெல்லாம் அப்படியே போயிற்று. ஒரு தடவை மழை விலகியபோது கரைப்பக்கம் ஒரு கலங்கரை விளக்கம் நின்றது. பரங்கிப்பேட்டைக் கலங்கரை விளக்கம். சின்ன வயதில் அதன் நிழலில் பந்து விளையாடியவர் அவர்.

கப்பல் மணலில் ஏறியது. அடிவயிற்றிலிருந்து நீளமாக ஒரு முனகல் எழுந்து நின்றது. அதன்பின் ஆட்டமே இல்லை.

மறுநாள் காலை மழை விட்டிருந்தது. ஷாகிர் வெளியே வந்தபோது கரை முழுக்க ஜனம். செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆணும் பெண்ணும் நின்றார்கள். போனைச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக் கயிற்றேணியில் இறங்கி, இடுப்பளவு தண்ணீரில் நடந்து கரையேறினார். வழுக்கைத் தலைக்காரர் ஒருவர், "எம்மாங் காலம் ஆச்சுப்பா நம்ம ஊருக்குக் கப்பல் வந்து!" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். இன்னொருவர் ஷாகிரின் முகத்தை உற்றுப் பார்த்தார். "நீங்க அபுபக்கர் மவன்தான? கடலூர்ல இருந்தீங்களே?"

"ஆமாங்க."

"ஊட்டுக்கே கப்பல ஓட்டியாந்துட்டீங்க!"

சிரித்தார்கள். ஷாகிரும் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. அங்கே நின்ற காவலரின் போனில் துறைமுக அதிகாரி பேசினார். "அது இனிமே எங்கயும் நவுராது. நாங்க பாத்துக்கறோம். நீங்க வீட்டுக்குப் போங்க" என்றார். இத்தனை நாள் கேட்கக் காத்திருந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது.

ஈர லுங்கியோடு நடந்தார். தரை ஆடுவது போலவே இருந்தது. அவருடைய தெருவில் பாதி வீடுகள் பூட்டிக் கிடந்தன, எல்லாரும் வெளிநாட்டில். அவர் வீடும் பூட்டிக் கிடந்தது. அஸ்மத் வியாபாரமாகச் சென்னையில் இருந்தார். பக்கத்து வீட்டு அமிர்தம் வாசலில் விழுந்த முருங்கைக் கிளையை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு... அண்ணே, நீங்களா!" கிளையைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ச் சாவியை எடுத்து வந்தாள். "சாப்புட வாங்கண்ணே, இட்லி இருக்குது."

"அப்புறம் வரேம்மா."

உள்ளே இருட்டாக இருந்தது. நாற்காலிகள் மேல் பழைய சேலையை விரித்து மூடியிருந்தாள் அர்ஃபா. ஒன்றின் மேலிருந்து சேலையை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். எழுந்தார். வீட்டில் எந்தக் கதவும் அடித்துக்கொள்ளவில்லை. வெளியே வெயில் வந்திருந்தது.

அர்ஃபாவின் வீடியோ கால் வந்தது. முகம் வீங்கியிருந்தது. "நேத்துல இருந்து அடிக்கறன், எடுக்கலயே மச்சான்! அங்க புயலாமே. கப்பல் எப்படி இருக்கு?"

"கப்பல் கரையில இருக்கு. நான் நம்ம வூட்டுல இருக்கறன்."

அவள் நம்பவில்லை. போனைத் திருப்பி அலமாரியையும் ஜன்னலையும் காட்டினார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு கோபம் வந்துவிட்டது. "நான் இல்லாத நேரமா பாத்து வந்தீங்களே! சமீரா, இங்க வா, உன் வாப்பா எங்க இருக்காங்க பாரு." சமீரா, துணியில் சுற்றிய குழந்தையைக் கேமரா முன்னால் நீட்டினாள். பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. கண்ணைத் திறக்கவில்லை. ஷாகிர் அதன் பெயரை மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"மொதல்ல சூடா எதுனா குடிங்க" என்றாள் அர்ஃபா.

சமையலறைக்குப் போனார். தண்ணீரை அடுப்பில் வைத்தார். தேயிலை கிடைத்தது. மேல் தட்டில் தேடினார், கீழே தேடினார்.

"சீனி எங்க இருக்கு?"

"மேல ரெண்டாவது டப்பா. அது இல்ல, அது பருப்பு. அதுக்குப் பின்னால கைய வுடுங்க. இன்னும் உள்ள."

டப்பா கைக்குத் தட்டுப்பட்டது. எறும்பு ஏறாமலிருக்க இறுக மூடி வைத்திருந்தாள்.

"கெடச்சுதா?"

"கெடச்சுது."

"தண்ணி பொங்குது பாருங்க, எனக்கே கேக்குது. அடுப்பக் கொறச்சு வைங்க."

ஷாகிர் அடுப்பைக் குறைத்தார். இருவரும் போனை வைக்கவில்லை.