கறுப்புக் கரை போட்ட அட்டை

சால்ட்டன் கடற்கரை வீதியில் வாடகை நூலகம் ஓபதயா டிரெல்லிக்குடையது. பின்கட்டில் அச்சுக்கூடமும் அவருடையது. நகரசபையில் ஒரு நாற்காலியும் உண்டு. புத்தகங்களின் முதுகைத் தவிர வேறெதையும் அவர் படித்ததாக எனக்குத் தெரியாது. மேயர் சங்கிலி கழுத்தில் விழவேண்டும், அவ்வளவுதான் அவர் தவம். அதற்கு என் எஜமானி சாகவேண்டியிருந்தது.

மிஸஸ் ஹார்கோம்ப் கப்பல் முதலாளியின் விதவை. தனக்குப் பின் வீடு ஊர் நூலகத்துக்கு என்று உயில் எழுதியிருந்தார். அந்த வீட்டை ஊருக்குப் பேசி வாங்கித் தந்த மகான் என்ற பெயரில் மேயராகிவிடலாம் என்று டிரெல்லிக் கணக்குப் போட்டார். அம்மா சளியில் படுத்ததும் தினமும் திராட்சையோடு வாசலில் நின்றார்.

"எப்படி இருக்காங்க, ஹன்னா?"

"நல்லா சாப்பிடறாங்க."

மனிதருக்கு முகம் தொங்கிவிடும்.

ஒருநாள் அபூர்வமாக வெயில் அடித்தது. புதுக் கம்பளம் வெளுத்துவிடுமே என்று வீட்டின் முன்பக்கத் திரைகளை எல்லாம் இறக்கினேன். பட்டப்பகலில் திரை இறங்கினால் வீட்டில் சாவு என்று எங்கள் ஊரில் பச்சைக்குழந்தைக்கும் தெரியும். டிரெல்லிக் வீதியில் நின்று பார்த்தார். கதவைத் தட்டவில்லை, ஓடினார்.

சாயங்காலம் கசாப்புக்காரர் மனைவி கறுப்புக் கரை போட்ட இரங்கல் அட்டையோடு அழுதபடி வந்தாள்.

"போயிட்டாங்களாமே!"

"எங்க போனாங்க? மாடியில மீன் தின்னுக்கிட்டிருக்காங்க."

அட்டையை அம்மாவிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுப் படித்தார்.

"என்னைப் பத்தி ரெண்டு வரி. மீதியெல்லாம் அச்சடிச்ச டிரெல்லிக்கோட பெருமை. சக்கர நாற்காலியைத் தள்ளு ஹன்னா. முதல்ல வக்கீல் வீடு."

பிறகு நூலகம். சக்கர நாற்காலி உள்ளே நுழைந்ததும் ஒரு சீமாட்டி அலறி நாவலைக் கீழே போட்டாள். டிரெல்லிக் வெளிறிப்போனார்.

"அம்மணி... திரை இறங்கியிருந்துச்சே..."

"கம்பளத்துக்காக இறக்கினது. தட்டிக் கேக்கக் கை வரலியா?"

"துக்கத்துல ஒண்ணும் ஓடலைங்க."

"அச்செழுத்துக் கோக்க மட்டும் ஓடுச்சாக்கும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சத்தமாகவே சிரித்தேன்.

"உயிலை மாத்திட்டேன். வீடு இனி மீனவ விதவைகளுக்கு. ஊருக்கெல்லாம் தெரியணும், அதையும் நீயே அச்சடி."

அவர் பென்சிலை எடுத்தார். "கரை... பூப்போட்டதா போடட்டுங்களா?"

"கறுப்பே இருக்கட்டும்," என்றார் அம்மா. "இந்தத் தடவை உனக்கு நெஜமாவே துக்கம்தானே."