ஆரோக்கியதாஸ் மாமாவை இழுத்த மோட்டார்

மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவந்த தட்டில் ஆப்பிள், மாதுளை, மல்லிகைப் பந்து, இனிப்புப் பெட்டி எல்லாம் முறையாக இருந்தன. அவற்றுக்கு நடுவே, டார்ச் லைட் அளவில் ஓர் இரும்பு உருளையும் படுத்திருந்தது. கூடத்தில் இருந்தவர்கள் அதைப் பார்த்தும் பார்க்காதது போல உட்கார்ந்திருந்தார்கள். பெண்ணுக்குத் தாய்மாமனான ஆரோக்கியதாஸ் மாமாவால் மட்டும் அது முடியவில்லை.

"இது என்ன பழம் தம்பி?"

"மோட்டார் மாமா. ஓசூர் கம்பெனியில என்னத்தச் செய்யிறேன்னு கண்ணால பாக்கணும்னு நீங்கதான போன்ல சொன்னீங்க," என்றான் மாப்பிள்ளை சார்லஸ்.

"தட்டுல வைக்காதடான்னு வழி நெடுகச் சொல்லிக்கிட்டு வாரேன். கேட்டாத்தான?" என்று அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

காபி கொடுத்துவிட்டு அடுக்களை வாசலில் போய் நின்ற ஷர்லி சிரிப்பை அடக்கப் பட்டுச்சேலை முந்தானையைக் கடித்தாள். உடனே கவலையும் வந்தது. சார்லஸிடம் கேட்க அவளிடம் ஒரே ஒரு கேள்வி இருந்தது. புதுக்கோட்டையில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறாள். சில வாரங்கள் ராத்திரி ட்யூட்டி. அந்த ராத்திரி ட்யூட்டிக்காகவே இரண்டு வரன்கள் வந்த வழியே போயின. "கல்யாணத்துக்கப்புறம் வேலைய விட்ருவால்ல?" என்று அவர்கள் கேட்டபோதெல்லாம் அப்பா மரியசெல்வம், "பேசிக்கலாம்" என்றுதான் சொன்னார். இந்த முறை தானே நேரில் கேட்டுவிடுவது என்று ஷர்லி முடிவு செய்திருந்தாள்.

கேட்கத்தான் வழியில்லை. "தனியாப் பேசுறதெல்லாம் நம்ம வீட்டுல கெடையாது. எதுன்னாலும் என் முன்னாடி பேசட்டும்" என்று தாய்மாமன் காலையிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். மாமா முன்னால் கேட்டால் மாமாவே பதிலும் சொல்லிவிடுவார். மச்சினன் பேச்சை மரியசெல்வம் ஒருநாளும் தாண்டியதில்லை.

மாமா மோட்டாரைக் கையில் எடுத்து உருட்டிப் பார்த்தார். "உள்ள என்ன இருக்கு?"

"முன்பக்கம் இருக்கிறது கியர் பாக்ஸ் மாமா. நடுவுல ஒரு பல்சக்கரம், அதைச் சுத்தி மூணு சக்கரம், வெளிய ஒரு வளையம். சூரியனைக் கிரகம் சுத்துற மாதிரி. இதே மாதிரி நாலு அடுக்கு. ஒவ்வொரு அடுக்குலயும் வேகத்தைக் கொடுத்துட்டு பலத்தை வாங்கிக்கும்."

"ஞாயித்துக்கெழமை தவறாம பூசைக்குப் போற வீட்டுக்குள்ள கிரகத்தைக் கொண்டாந்து வச்சிருக்கியே!" என்றார் மாமா. "தோட்டத்துல மூணு போர் வச்சிருக்கேன். ஒவ்வொண்ணும் ஏழரை எச்.பி. அதுக்குப் பேரு மோட்டாரு. இது எலியக்கூட இழுக்காது."

"உங்களையே இழுக்கும் மாமா."

மாமாவுக்கு நூறு கிலோவுக்குக் குறையாத உடம்பு.

"என்னையவா?"

"உங்க காரோட சேத்து."

சார்லஸின் அம்மா கண்ணை மூடிச் சிலுவை போட்டுக்கொண்டார். மாமா எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார்.

"கேட்டுக்கங்க எல்லாரும். வாசல்ல நிக்கிற என் கார்ல நான் ஏறி ஒக்காருறேன். வெளி கேட்டுப் பக்கத்துல நிக்கிற வேப்பமரம் வரைக்கும் இது இழுத்துட்டா, தட்டை என் கையாலயே மாத்துறேன். இழுக்கலையா, வந்தவங்க கெளம்பிரலாம். மரத்தைத் தொடுற வரைக்கும் எறங்க மாட்டேன்!"

சார்லஸ் மோட்டாரை வேப்பமரத்தில் பட்டையால் இறுக்கிக் கட்டினான். அதன் முனையில் இருந்த சின்ன உருளையில் நைலான் கயிற்றைச் சுற்றி, மறுமுனையைக் கார்க் கொக்கியில் மாட்டினான். அப்புறம்தான் நெற்றியைத் தடவினான். "பன்னெண்டு வோல்ட் பேட்டரி ஒண்ணு வேணுமே."

"என் ஸ்கூட்டில இருக்கு."

பெண் பார்க்கும் நாளில் பெண் வாய் திறந்து சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"ஒன்னை யாரு புள்ள கேட்டா?" என்றார் மாமா.

"சாவி எங்கிட்டதான மாமா இருக்கு," என்று ஷர்லி பட்டுச்சேலையோடு ஸ்கூட்டியை உருட்டிக்கொண்டு வேப்பமரத்தடிக்குப் போனாள்.

வயரை மாட்டியதும் மோட்டார் மெல்ல முனகியது. கயிறு விறைத்தது. கார் அசையவில்லை. காருக்குள்ளிருந்து மாமாவின் சிரிப்பு வந்தது. சார்லஸ் கூர்ந்து பார்த்துவிட்டுக் கத்தினான்: "மாமா, ஹேண்ட் பிரேக்!"

வீட்டு வாசலில் நின்ற சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பில் மாமா பிரேக்கை எடுத்துவிட்டார். டயர் நகர்ந்தது. எறும்பு நடந்தால் முந்திவிடும். ஆனால் நகர்ந்தது.

ஷர்லிக்குச் சட்டென்று ஒன்று புரிந்தது. மாமாவால் இறங்க முடியாது. மோட்டாரை விட்டுச் சார்லஸ் நகர முடியாது. சாவிக்குச் சொந்தக்காரியான அவளும் இங்கேதான் நிற்க வேண்டும். மாமா காதுக்கெட்டும் தூரம் வந்து சேரும் வரை இந்த மரத்தடி அவர்களுடையது.

"கேளுங்க," என்றான் சார்லஸ், கயிற்றைப் பார்த்தபடி.

"எதை?"

"காபி குடுக்கும்போதே ஏதோ கேக்க வந்தீங்க. வாயத் தொறந்துட்டு மூடிக்கிட்டீங்க."

"நைட் ட்யூட்டி பாக்குற பொண்ணு வேணாம்னு ரெண்டு பேரு போயிட்டாங்க. நீங்க எப்பப் போவீங்க?"

"உங்க மெஷின்ல ரத்தத்தை இழுத்து ஓட்ட ஒரு பம்பு மெதுவாச் சுத்துமே, அதுக்குள்ளயும் இதே வகை மோட்டார்தான் போடுறாங்க. நாங்க பெட்டியில அடைச்சு அனுப்புறதோட சரி. அந்தப் பக்கம் யாரு ஒக்காந்திருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாது."

"நல்லாருக்கு. ஆனா கேட்டதுக்குப் பதில் இது இல்லையே."

அவன் இப்போது அவளை நிமிர்ந்து பார்த்தான். "ஓசூர்ல எங்கெங்க டயாலிசிஸ் சென்டர் இருக்குன்னு விசாரிச்சுட்டுத்தான் வந்தேன்."

"அங்கிட்டு என்ன பேச்சு?" கார்க் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி மாமா கத்தினார். வண்டி பாதித் தூரம் வந்திருந்தது.

"வோல்டேஜ் மாமா!" என்றாள் ஷர்லி. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "உங்க அம்மா வேலைய விடச் சொன்னா?"

"வர்றதுக்கு முந்தியே பேசியாச்சு. அவ நைட்டு வேலைக்குப் போனா நீ என்னடா பண்ணுவன்னு கேட்டாங்க. தோசை ஊத்திக்குவேன்னேன்."

"ஊத்த வருமா?"

"மொதத் தோசை வராது. அப்பறம் வந்துரும்."

ஷர்லி பதில் சொல்ல வாயெடுத்தாள். மோட்டார் இருமுவது போல இரண்டு முறை இழுத்து நின்றது. காரின் மூக்குக்கும் மரத்துக்கும் நடுவே ஒரு முழம்தான்.

"பேட்டரி போச்சு," என்றான் சார்லஸ். அவன் முகம் அதற்கு முன்பே போய்விட்டிருந்தது.

"செத்துருச்சா?" மாமா ஸ்டீரிங்கைத் தட்டிக் கும்மாளமிட்டார். "சொன்னேனா இல்லையா? மரத்தைத் தொடல! வந்தவங்க..."

ஷர்லி யாரையும் பார்க்கவில்லை. கொசுவத்தை அள்ளி இடுப்பில் செருகினாள். ஸ்கூட்டியைச் சென்டர் ஸ்டாண்டில் தூக்கி நிறுத்தி, கொலுசுக் காலால் கிக்கரை ஓங்கி மிதித்தாள். ஒன்று. இரண்டு. பின்னல் அவிழ்ந்து மல்லிகை உதிர்ந்தது. அம்மா வாசலிலிருந்து, "அடியே, பட்டுச்சேலை!" என்று அலறினாள். அடுத்த மிதியில் ஸ்கூட்டி உறுமியது. ஷர்லி ஆக்ஸிலேட்டரை முறுக்கிப் பிடித்தாள். எஞ்சின் ஓட்டத்தில் பேட்டரிக்கு மின்சாரம் ஏற, மோட்டாருக்கு உயிர் வந்தது. கயிறு விறைத்தது. மாமாவின் கார் விரல் விரலாக நகர்ந்து வந்து, வேப்பமரத்தை மெத்தென்று தொட்டது.

மரியசெல்வம்தான் தயங்கித் தயங்கிச் சார்லஸின் அம்மாவிடம் கேட்டார். "ஒங்களுக்குப் பொண்ணைப் புடிச்சிருக்குங்களா?"

"எங்களை ஏங்க கேக்குறீங்க? அந்தப் புள்ள மிதிச்ச மிதியில இந்தத் தெருவுக்கே சம்மதம் கேட்ருச்சே!"

எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா கதவைத் திறக்கவில்லை. உட்கார்ந்தபடியே முகவாயைத் தடவினார்.

"தட்டை மாத்திரலாம். அதுக்கு முந்தி..." அவர் குரல் குழைந்தது. "மாப்ள, அந்தக் கயித்த அவுத்து விடுங்க. நான் வண்டிய ரிவர்ஸ் எடுத்து வீட்டுக்கிட்ட நிறுத்துறேன். பக்கத்து வீட்டு வீரய்யாவை வரச் சொல்லு புள்ள. எலியளவு மோட்டாரு என்னைய இழுத்துச்சுன்னு சொன்னா அவன் நம்ப மாட்டான். இன்னொரு தடவை இழுங்க!"

ஸ்கூட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கார் பின்னால் போய் நின்றது. சார்லஸ் மறுபடி கயிற்றை மாட்டிவிட்டு மரத்தடிக்கு வந்தான். எறும்பு வேகத்தில் மாமா புறப்பட்டார், வீரய்யாவுக்குக் கையசைத்தபடி.

"இனி என்ன பேசுறது?" என்றான் சார்லஸ்.

"அந்த மொதத் தோசையை என்ன பண்ணுவீங்க?"

"நானே தின்னுட்டு, ரெண்டாவதை உங்களுக்கு எடுத்து வைப்பேன்."

ஷர்லி ஆக்ஸிலேட்டரைக் கொஞ்சம் தளர்த்தினாள். மாமா இன்னும் மெதுவாக வரட்டும்.